நாற்பது நிமிட வானம்

ஆலங்காயம் பக்கம்,
12 ஜனவரி 2025, மார்கழி 28

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்கு வானம்தான் காரணம். ஒரு நல்ல ராத்திரியாவது கண்ணில் பட்ட பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. கட்டுப் பிரித்து பத்து நாள் கழித்து, ஒரு ராத்திரி கொல்லைப்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து, "கார்த்திகையில ஆறும் தெரியுதுடா" என்றாள். பத்து வருஷமாக அது அவளுக்கு வெறும் வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்ததாம். நானும் எண்ணிப் பார்த்தேன். ஆறு. நமக்கு ரோகிணி, திருவாதிரை, புனர்பூசம் எல்லாம் காட்டிக் கொடுத்தவள் அவள்தானே. அன்றைக்குக் கேமராவைத் தொடவே இல்லை, அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தாம்பரம் வீட்டு மொட்டை மாடிக்கு 8 இஞ்ச் அகலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

இந்தப் பருவம் எப்படிப் போனது என்று உனக்கே தெரியும். அக்டோபரில் சூச்சின்ஷான் அட்லஸ் வால்வெள்ளி மாலையில் மேற்கே ஏறி வந்த அதே வாரத்தில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. ஒரே ஒரு மாலை, மேகக் கிழிசலில் பத்து நிமிடம் பார்த்தேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, மறுநாள் ஊத்தங்கரையில் மட்டும் 50 செ.மீ. கொட்டியது. இங்கே ஏரி நிரம்பி வாய்க்கால் உடைந்து, தென்னந்தோப்பில் நான்கு நாள் முழங்கால் தண்ணீர். டிசம்பர் 13 ஜெமினிட் எரிமீன் ராத்திரி. அன்றைக்கே கார்த்திகை தீபமும். மழை விட்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது, ஏனென்றால் ஏறக்குறைய முழு நிலா கார்த்திகை மீனை ஒட்டியே நின்றது.

இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். கார்த்திகைப் பௌர்ணமியில் நிலா கார்த்திகைக்குப் பக்கத்தில் இருக்கும். மார்கழிப் பௌர்ணமியில் திருவாதிரைப் பக்கம், தைப் பௌர்ணமியில் பூசத்தின் பக்கம். நம் பெரியவர்கள் மாதத்துக்குப் பெயர் வைத்ததும் விழாவுக்கு நாள் குறித்ததும் இதைப் பார்த்துத்தான். நாளைக்கு ஆருத்ரா தரிசனம். ஆக, படம் எடுக்கிறவனுக்கு இந்தப் பௌர்ணமி விழா ராத்திரிகள் எல்லாமே விடுமுறை. மாதத்தில் அமாவாசையை ஒட்டிப் பத்து நாள்தான் மிச்சம், அதிலும் பாதியை மேகம் எடுத்துக்கொள்ளும்.

மீதி இருக்கிறதைப் பனி எடுத்துக்கொள்ளும். வானம் துல்லியமாக இருக்கிற ராத்திரியில்தான் பனி அதிகம் இறங்கும், கவனித்திருக்கிறாயா? மேகம் இல்லாவிட்டால் தரையின் சூடு நேரே மேலே போய்விடும். லென்ஸின் முகப்புக் கண்ணாடியும் வானத்தைப் பார்த்தபடியே தன் சூட்டை விட்டுவிட்டு, சுற்றியிருக்கிற காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கிற ஈரம் முதலில் அதன் மேல்தான் படியும். முதல் வருஷம் எனக்கு இது தெரியாது. மூன்று மணி நேரம் எடுத்த படங்களைக் காலையில் கம்ப்யூட்டரில் திறந்தால், நாற்பதாவது படத்துக்கு மேல் ஒவ்வொரு நட்சத்திரமும் பஞ்சுப்பொதி மாதிரி வீங்கிக் கிடந்தது. அன்றைக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

அதற்கு மருந்து சொன்னதும் அம்மாதான். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற கல்லுப்பு முடிச்சை எடுத்துக் காட்டி, "இதைக் கட்டிப் பாரேன்" என்றாள். வாணலியில் உப்பை வறுத்து, பழைய காலுறையில் போட்டு, லென்ஸைச் சுற்றி வளைத்துக் கட்டினேன். கண்ணாடியைக் காற்றைவிட இரண்டு டிகிரி சூடாக வைத்திருந்தால் போதும், பனி உட்காராது. உப்பு ஈரம் இழுக்கும், கேமராவுக்கு ஆகாது என்பதால் பிறகு ஆற்று மணலுக்கு மாறிவிட்டேன். கையில் பிடிக்கிற சூடு இருந்தால் முக்கால் மணி நேரம் தாங்குகிறது. கருப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டி லென்ஸின் முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் மாதிரி செருகிவிடு, பாதிப் பனி அதிலேயே நின்றுவிடும்.

டிசம்பர் 29 ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். அமாவாசைக்கு முந்தின நாள். சாயங்காலம் தூறல். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தால் முழு மூட்டம். பத்தேகாலுக்கு உன் தங்கச்சி தண்ணீர்ப் பானையை மூட வெளியே போனவள், "வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். ஜவ்வாது மலைப் பக்கமிருந்து மேகம் இழுத்துக்கொண்டே போகிறது. மழை தூசியெல்லாம் கழுவிவிட்ட வானம். திருவாதிரை சிவப்பாக, அதன் கீழே மூன்று நட்சத்திரம் வரிசையாக, ஓரியன் என்கிற வேட்டைக்காரன் ஏறக்குறைய தலைக்கு மேல். தெற்கே தென்னந்தலைகளுக்கு நடுவில் அகத்தியர் நட்சத்திரம் மினுக்கிக்கொண்டிருந்தது.

கேமரா, 135 மி.மீ. லென்ஸ், பூமியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் சின்ன ட்ராக்கர், எல்லாம் ஒரே பையில். மொத்தம் ஆறு கிலோ வராது. கிணற்று மேடையில் மூன்று செங்கல் பதித்துச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன், ட்ரைபாட் கால் மூன்றும் அதன் மேல்தான் நிற்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. ட்ராக்கரின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் தரையிலிருந்து 12 டிகிரி உயரம்தான். வடக்கே ஒரு புளியமரம் இருந்தால் போதும், மறைந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் இந்தக் கஷ்டம் வரவே வராது, அவர்களுக்கு அது பாதி வானம் ஏறி நிற்கும். நான் கொல்லை முழுக்க நடந்து நடந்து பார்த்து, இரண்டு தென்னைக்கு நடுவே அது தெரிகிற ஒரே இடத்தைக் கண்டுபிடித்தேன். செங்கல் இருப்பதால் இப்போது ஐந்து நிமிடத்தில் அச்சு பிடிபட்டுவிடுகிறது.

மணல் முடிச்சைக் கட்டி, கேமராவின் ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 1600-ல் வைத்து, படத்துக்கு ஒரு நிமிடம் என்று ஓடவிட்டேன். 36 படம் வந்தது. 37-வதில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி நகர்ந்து வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகத்தியரை விழுங்கி, பிறகு வேட்டைக்காரனையும் மூடிவிட்டது. மணி பதினொன்று அடிக்கவில்லை. அவ்வளவுதான் அந்த ராத்திரி.

மறுநாள் 36 படத்தையும் சிரில் மென்பொருளில் அடுக்கினேன். காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள்தான். ஒவ்வொரு படத்திலும் நட்சத்திரம் ஒரே இடத்தில் விழும், கேமராவின் இரைச்சல் புள்ளிகள் மட்டும் இடம் மாறி மாறி விழும். அதனால் 36 படத்தின் சராசரியை எடுத்தால் இரைச்சல் ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திரையில் மெதுவாக ஓரியன் நெபுலா, வேட்டைக்காரனுக்குள் இருக்கிற வாயுமேகம், திறந்துகொண்டது. நடுவில் வெள்ளை, ஓரத்தில் இளஞ்சிவப்பு, இரண்டு பக்கமும் சிறகு விரித்த மாதிரி. 1,300 ஒளியாண்டுக்கு மேல் தூரம். நம் கிணற்று மேடையிலிருந்து எடுத்தது! பக்கத்தில் இருக்கிற குதிரைத்தலை நெபுலா மட்டும் மங்கல்தான். சாதாரணக் கேமராவின் உள் வடிகட்டி ஹைட்ரஜனின் ஆழ்ந்த சிவப்பைப் பெரும்பாலும் தடுத்துவிடும். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்போது உன் 8 இஞ்சை யோசித்துப் பார். குழாயும் அடிப்பீடமும் சேர்ந்தால் இருபது கிலோ வரும். உன் முதுகை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏற்ற வேண்டும். ஏற்றின பிறகும் அதன் கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு வர அரை மணி, முக்கால் மணி ஆகும். அதுவரை பிம்பம் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி நெளியும். நம் மார்கழி தருகிறதே நாற்பது நிமிடம்! முதலில் ஒரு 10x50 பைனாகுலர் வாங்கு. பையனிடம் இருக்கிற கேமராவை வாங்கி ஒரு ட்ரைபாடில் வை. ட்ராக்கர் இல்லாவிட்டாலும் 50 மி.மீ. லென்ஸில் ஆறு நொடி எடுக்கலாம், நட்சத்திரம் கோடாகாது. அதையே நூறு எடுத்து அடுக்கு. நீ ஓடிப்போய் வைக்கக்கூடிய சாமான்தான் நமக்குச் சரியான சாமான்.

ஒன்று உண்மை, கோள்களுக்கு உன் தொலைநோக்கிதான் ராஜா. மெல்லிய பனிப்படலம் மூடிய, காற்றே அசையாத ராத்திரியில் கோள் ஆடாமல் நிற்கும். நெபுலாவுக்கு ஆகாத ராத்திரி அதற்கு ஆகும். இன்றைக்குத்தான் செவ்வாய் நமக்கு மிக அருகில், சுமார் 9.6 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது. புனர்பூசத்துப் பக்கம், செக்கச்செவேல் என்று. நிலா வெளிச்சமும் அதை ஒன்றும் செய்யாது, மாடிக்குப் போய்ப் பார். பிப்ரவரியிலிருந்து மே வரை வானம் நிலையாக இருக்கும்போது, கோள் பார்க்கிற ஆசை அப்போதும் இருந்தால், கட்டாயம் வாங்கு. நானே கூட வருகிறேன்.

காவலூர் வானாய்வகத்துக்காரர்களுக்கும் இதே கதைதான். வானியலாளர் வைணு பாப்பு அந்த மலையைத் தேர்ந்தெடுத்து அறுபது வருஷம் ஆகப்போகிறது. அங்கேயும் ஈரம் ஏறினால் கூரையை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அப்படிக் காத்திருந்து 1977 மார்ச்சில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில், யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிற நேரத்தைப் பிடித்தார்கள். யுரேனஸுக்கு வளையம் இருப்பது உலகத்துக்குத் தெரிந்த அந்த ராத்திரியில் நம் மலையும் சேர்ந்திருந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெள்ளைக் கூரையைத் தேடிப் பார்த்துவிடுவேன், இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

தை அமாவாசை 29-ஆம் தேதி. 25 சனிக்கிழமை, மறுநாள் குடியரசு தினம். ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறு, வாணியம்பாடிக்கு நான் வந்துவிடுகிறேன். மூட்டமாக இருந்தால் அம்மா கையால் பணியாரம் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்போம். குரங்குக் குல்லாய் மறக்காதே.

மேகம் விலகினால் உன்னை நான்கு மணிக்கு எழுப்புவேன். தென்கிழக்கே, தோப்புக்கு மேலே ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கொத்து ஏறியிருக்கும், வெறும் கண்ணுக்கே மங்கலான பஞ்சு உருண்டை மாதிரி. அந்த இடம் உனக்கு ஞாபகம் இருக்கும். 1986 ஏப்ரலில், ஒன்பதாவது முழுப்பரீட்சை முடிந்து, உங்கள் களத்துமேட்டில் கோணிப்பை விரித்துப் படுத்து ஹாலி வால்வெள்ளியைப் பார்த்தோமே, அந்த மாதம் அது போனது அந்தப் பக்கமாகத்தான். நீ அப்போது வாலைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாய், எனக்குத் தெரியவே இல்லை, தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். இதை உன்னிடம் இத்தனை நாள் சொன்னதில்லை.

டிக்கெட் போட்டதும் ஒரு வரி எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்