பெயர் போட வேண்டாம் என்ற தம்பிக்கும், துஆ செய்த எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

மகள் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். என்ன நடந்தது என்பது உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும், கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள், அதனால் அதைத் திரும்ப எழுதவில்லை. எழுதுகிற தெம்பும் இன்னும் வரவில்லை. உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்று நம் நபி (ஸல்) அவர்கள் சொன்னது மதரஸாவில் படித்த நாளிலிருந்து மனப்பாடம். எல்லாம் ஆறட்டும், நிதானமாக எழுதுவோம் என்று தள்ளிப்போட்டால் பாதிப் பேர் விட்டுப்போவார்கள்.

நடுராத்திரி வண்டியை எடுத்துக்கொண்டு ரத்தம் கொடுக்க வந்த தம்பிகள் (அதில் சிலர் யார் வீட்டுப் பிள்ளை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது), சின்னவனைத் தன் பிள்ளைகளோடு பிள்ளையாக வைத்துக்கொண்ட என் ராத்தா (அக்கா), விடியும் முன்னே தூக்குவாளியில் கஞ்சி கொடுத்துவிட்ட எதிர்வீட்டு மாமி, ஜும்ஆவில் துஆ கேட்ட பள்ளிவாசல் ஹஸ்ரத், கூடி உட்கார்ந்து யாசீன் ஓதிய எங்கள் தெருப் பெண்கள், கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டுப் போன் போட்டு அழுத அவளுடைய டீச்சர், எங்கள் மேலப்பாளையத்துக்கும் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கும் நடுவே கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து, காசைப் பற்றிப் பேச்சே எடுக்காத ஆட்டோ அண்ணன், நைட் டியூட்டி சிஸ்டர்கள், கேட்காமலே பணம் போட்டுவிட்டு 'பார்த்துக்கொள்' என்று ஒரு வரி மட்டும் அனுப்பிய சிநேகிதிகள். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன், இன்ஷா அல்லாஹ். ஜஸாக்கல்லாஹு கைரா.

இவர்களில் யார் செய்ததும் குறைவில்லை. ஆனாலும் ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவர் செய்தது யார் கண்ணிலும் படாத உதவி. நான் சொல்லாவிட்டால் அது நடந்ததே ஒருவருக்கும் தெரியாது.

நான் வீட்டிலிருந்து மெய்ப்புப் பார்க்கிறவள், அதாவது அச்சுக்குப் போகும் முன் புத்தகப் பக்கங்களில் பிழை திருத்துகிறவள். வொர்க் ஃப்ரம் ஹோம் என்று இப்போது பெரிதாகச் சொல்கிறார்கள், எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது தலைமுறைப் பழக்கம். என் உம்மா மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே எங்களை வளர்த்தார். கை இலையிலும் தூளிலும் இருக்கும், காது என்மேல் இருக்கும், வாரப் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சுற்றுவார். எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது நான் ஒரு வார்த்தையை விழுங்கினால் கை நிற்காமலே "திரும்ப வாசி" என்பார். என் வாசிப்பும், இன்றைக்கு நான் பார்க்கிற இந்த வேலையும் அந்தச் சுளகுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தவை. சுபுஹு தொழுதுவிட்டு, பிள்ளைகள் எழும் முன்னே இருபது பக்கம், அவர்கள் பள்ளிக்கூடம் போனபின் லுஹர் வரை ஒரு பாட்டம், இஷாவுக்குப் பிறகு மிச்சம். என் நாள் இப்படித்தான் போகும். பாங்குச் சத்தம்தான் எனக்கு ஆபீஸ் மணி.

பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தபோது வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றுதான் கணக்கில் எடுத்தது. உம்மாவுக்கு பி.எஃப். இருந்தது, கையில் ஓர் அட்டை இருந்தது. கணினி முன்னால் உட்காருகிற எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. பார்க்காத பக்கத்துக்குக் காசு கிடையாது, பிள்ளைக்கு முடியவில்லை என்றால் லீவு கேட்க ஆளும் கிடையாது. அதுவும் இது எந்த மாதம் என்று பதிப்பகங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, அதற்குள் அச்சுக்குப் போக வேண்டிய புத்தகமெல்லாம் டிசம்பரில்தான் எங்கள் தலையில் வந்து விழும். வருஷத்தில் நாலு காசு சேர்கிற மாதமும் இதுதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அப்போது என் கையில் இருந்த ஒரு புத்தகத்தைச் சென்னையில் பக்கம் கட்டுகிற தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். நேரில் பார்த்ததில்லை, வருஷக்கணக்கில் பிடிஎஃப் வருவதும் போவதும்தான் எங்களுக்குள் பழக்கம். 'தம்பி, மகளுக்கு முடியவில்லை, கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது, போனில் இந்தப் பக்கங்களைப் பார்க்க முடியவில்லை, வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லுங்கள்' என்று எழுதினேன். 'சரிங்க அக்கா' என்று மட்டும் பதில் வந்தது. அந்த வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் ஒரு ஃபைல் வந்திருந்தது. 'அக்கா போன் 1' என்று பெயர். டெம்மி அளவுப் புத்தகப் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுத்து கண்ணுக்கே தெரியாது, பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும், ஒவ்வொரு வரிக்கும் விரலால் இங்கும் அங்கும் இழுக்க வேண்டும். இவர் முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்து, போன் திரையின் அகலத்துக்குப் பக்கத்தை மாற்றி, எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடம்விட்டு அனுப்பியிருந்தார். ஓரத்தில் சின்னதாக, புத்தகத்தில் அது எத்தனையாவது பக்கம், எத்தனையாவது வரி என்ற எண். அந்த எண் தானாக விழாது. ஒவ்வொன்றாகக் கையால் போட்டிருக்கிறார்! கூடவே ஒரு செய்தி: 'முடிகிறபோது பாருங்க அக்கா. திருத்தத்தை எழுத வேண்டாம், வாய்ஸில் சொன்னால் போதும், நான் போட்டுக்கொள்கிறேன்.'

யாரும் அவரிடம் இதைக் கேட்கவில்லை. இதற்கு அவருக்குத் தனிக்கூலியும் கிடையாது. இந்த மாதத்தில் அவருக்கு எவ்வளவு வேலை நெருக்கும் என்பது எனக்குத் தெரியும். அப்படியும் ஓர் அத்தியாயம் முடிய அடுத்தது வந்தது, அதற்கடுத்தது வந்தது.

ராத்திரி மகள் கண்ணசந்த பிறகு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, துப்பட்டாவை வாயோரம் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லுவேன். "பக்கம் நூற்றுப் பன்னிரண்டு, ஏழாவது வரி, ஒற்று வேண்டும். அதே பக்கம் கடைசி வரி, கௌரவத்தில் கௌ பிரிந்து கிடக்கிறது, சேர்த்துவிடுங்கள்." அவ்வளவுதான். அவர் எதையும் துருவிக் கேட்டதில்லை. ஒருநாள் காலையில் மட்டும் அவரிடமிருந்து செய்தி வந்தது: 'அக்கா, தப்பா நினைக்காதீங்க, உங்க வாய்ஸில் பின்னாடி தினமும் ஒரு பீப் சத்தம் கேட்கும், நேற்று ராத்திரி அனுப்பினதில் அது இல்லை. பாப்பா நல்லா இருக்காளா?'

மானிட்டரைக் கழற்றி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் தம்பி, நல்ல செய்திதான் என்று பதில் எழுதும்போது எனக்கு அழுகை நிற்கவில்லை. அத்தனை நாளில் அப்போதுதான் முதல்முதலாக அழுதேன். ஒற்றுப்பிழையைக் குறித்துக்கொள்கிற மனிதர் அதற்குப் பின்னால் கேட்ட சத்தத்தையும் ராத்திரிதோறும் கேட்டுக்கொண்டு, அது நின்றதும் பயந்துபோயிருக்கிறார்.

நிறையப் பேர் என்னிடம் 'வேலையெல்லாம் இப்போது எதற்கு, பிள்ளையைப் பார்' என்று சொன்னீர்கள். அன்பில் சொன்னதுதான், தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பக்கங்கள் எனக்குத் தேவைப்பட்டன. கூலி ஒரு பக்கம் இருக்கட்டும் (ஆஸ்பத்திரிச் செலவில் அதுவும் சின்ன விஷயமில்லை), எழுத்தில் கண்ணை வைத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் மனசு கண்டதையும் நினைக்காமல் இருந்தது. அந்தத் தம்பி எனக்கு எது நல்லது என்று என் சார்பில் முடிவு செய்யவில்லை. பாதையை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, நடப்பதா வேண்டாமா என்பதை என்னிடமே விட்டுவிட்டார். அது ஒரு கப்பல் பயணப் புத்தகம். மகளுக்குக் கொஞ்சம் தெளிந்த பிறகு அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். "கப்பல் கரைக்கு வந்துருச்சா உம்மா?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாள்.

அதே போனில்தான் குர்ஆனும் ஓதினேன். வராண்டா மூலையில் ஒரு விரிப்பைப் போட்டுத் தொழுதுவிட்டு, ஸூரத்துல் கஸஸை எடுப்பேன். குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட மூஸா நபியின் தாயுடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று அதில் வருகிறது. எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அந்த வெறுமை எப்படியிருக்கும் என்பது இந்த முறைதான் புரிந்தது. அவளுடைய கண் குளிரவும் அவள் கவலைப்படாமல் இருக்கவும் அந்தப் பிள்ளையை அவளிடமே திருப்பிக் கொடுத்தோம் என்று இறைவன் சொல்கிற இடம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். அங்கே போய்ச் சேரும் வரை நிறுத்தமாட்டேன், பாதியில் சிஸ்டர் கூப்பிட்டால்கூட ஓடிப்போய்விட்டு வந்து, அந்த ஆயத்தை ஓதி முடித்துத்தான் போனை வைப்பேன்.

நேற்று வீட்டு வாசலில் இறங்கியபோதே ஒரு நிய்யத் வைத்தேன். எனக்குத் தெரிந்த எந்தப் பெண்ணாவது, வீட்டில் இருந்து மெய்ப்போ டைப்பிங்கோ பார்க்கிறவர், பிள்ளைக்கு முடியாமலோ பேறுகாலத்திலோ கை ஓய்ந்து உட்கார நேர்ந்தால், அந்தப் பக்கங்களை நான் பார்த்துக் கொடுப்பேன், பெயரும் அவருடையது, கூலியும் அவருடையது. என்னிடம் வந்து காரணம் சொல்ல வேண்டாம், ஃபைலை அனுப்பினால் போதும். எங்கள் தெருவில் பத்தாவது முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பிறகு உட்கார்ந்து இந்த வேலையைச் சொல்லிக் கொடுக்கவும் எண்ணியிருக்கிறேன். தாய்மார்களே, அனுப்பிவையுங்கள்.

தம்பி, பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. உங்கள் வீட்டாருக்கும் உங்களுக்கும் என் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ உண்டு. கடைசி அத்தியாயங்கள் இன்னும் வரவில்லை. வழக்கமான அளவிலேயே அனுப்புங்கள், வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறேன். நாளை லுஹருக்குள் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.