பாதுகாப்பு ஒத்துழைப்பில் பெண்களுக்கு இடம்: பின்னிணைப்பில் அல்ல, திட்டத்திலேயே வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிராந்தியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு குறித்து அண்மையில் தங்கள் இதழில் வெளியான கட்டுரை, கூட்டுக் கடற்பயிற்சி, உளவுத் தகவல் பரிமாற்றம், ஆட்கடத்தல் தடுப்பு, பேரிடர் மீட்பு எனப் பலவற்றையும் விரிவாகப் பேசிவிட்டு, பாலினச் சமத்துவத்தையும், எல்லாப் பிரிவினரையும் சேர்த்துக்கொள்ளும் சமூக உள்ளடக்கத்தையும் கடைசிப் பத்தியில் இரண்டே வரிகளில் முடித்துக்கொண்டது. இதற்குக் கட்டுரையாளரை மட்டும் குறைசொல்ல முடியாது. நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடுகளிலும் அச்சுறுத்தல் எது, பணம் எதற்கு, பொறுப்பு யாருக்கு என்பதெல்லாம் முடிவான பிறகுதான் பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் சிறுபான்மையினரையும் பற்றிய ஒரு பிரிவு சேர்க்கப்படுகிறது. அந்த வரிசையே தவறு என்பதை எடுத்துச்சொல்லவே இக்கடிதம்.

ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. பெண்கள், அமைதி, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் இணைத்து ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது 2000 அக்டோபரில். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உறுப்பு நாடுகள் 2017இல் இது குறித்துக் கூட்டறிக்கை வெளியிட்டு, 2022இல் தமக்கென ஒரு செயல்திட்டத்தையும் வகுத்தன. பசிபிக் தீவு நாடுகள் 2018இல் வெளியிட்ட போயே பிரகடனம், பாதுகாப்பு என்பதன் எல்லையை மக்களின் வாழ்வாதாரம் வரை விரித்தது. இத்தனைக்குப் பிறகும் ஐ.நா. அமைதிப் படைகளின் இராணுவப் பிரிவுகளில் பெண்களின் பங்கு 2020இல் 4.8 விழுக்காடாகத்தான் இருந்தது.

ஏன் இந்த நிலை என்பதை அறிய, ஒரு கூட்டுப் பயிற்சிக்கு ஆட்கள் தேர்வாகும் விதத்தைப் பார்த்தால் போதும். குறிப்பிட்ட பதவிநிலையும் சில ஆண்டுக் கடற்பணி அனுபவமும் வேண்டும் என்று சுற்றறிக்கை வருகிறது. தனித் தங்குமிடமும் கழிப்பறையும் இல்லாத கப்பலில் பெண் அதிகாரியைப் பணியமர்த்தியிருக்க மாட்டார்கள். கடற்பணி இல்லாததால் பதவி உயர்வு தள்ளிப்போயிருக்கும். பதவி உயர்வு இல்லாததால் அவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில் ஏறாது. பிறகு, தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்று கோப்பில் எழுதப்படும். அதைத் தாண்டி ஒருவர் போய்ச் சேர்ந்தாலும், ஆண்களின் உடல் அளவுக்கு வெட்டப்பட்ட கவச உடை மார்பை அழுத்தி, இடுப்பில் இடைவெளி விட்டு நிற்கும். காக்க வேண்டிய உடையே குனிந்து நிமிரத் தடையாகிவிட்டால், அதை அணிந்தவர் எப்படிப் பணியாற்றுவார்?

பெண்கள் இருந்தால் பாதுகாப்புப் பணியே வேறு விதமாக அமையும் என்பதற்குப் பூகன்வில் தீவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பப்புவா நியூகினியைச் சேர்ந்த அத்தீவில் 1988 இறுதியில் தொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. முற்றுகையால் மருந்துகூட உள்ளே போகாத காலமும் இருந்தது. அத்தீவின் பெரும்பகுதியில் நிலவுரிமை தாய்வழி வருவது. தாய்மார்கள் காட்டுக்குள் நடந்துபோய், ஆயுதம் ஏந்திய மகன்களிடம் பேசி அவர்களைத் திரும்ப அழைத்துவந்தார்கள். தேவாலயக் குழுக்களும் பெண்கள் அமைப்புகளும் பேச்சுவார்த்தைக்கான வழியைத் திறந்தன. 1997 இறுதியில் நியூசிலாந்தின் தலைமையிலும், அடுத்த ஆண்டு முதல் ஆஸ்திரேலியாவின் தலைமையிலும், பிஜி, வனுவாட்டு நாட்டவரும் சேர்ந்து அங்கே அனுப்பப்பட்ட கண்காணிப்புக் குழுக்கள் ஆயுதம் இன்றியே சென்றன. அவற்றில் பெண்களும் இருந்தார்கள். ஊர்ப் பெண்கள் ஆண் அதிகாரியிடம் சொல்லத் தயங்கியதை அவர்களிடம் சொல்ல முடிந்தது. 2001 ஆகஸ்டில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. பின்னர் அமைந்த தன்னாட்சி நாடாளுமன்றத்தில் பெண்களுக்கென மூன்று இடங்கள் ஒதுக்கப்பட்டன. மூன்று என்பது குறைவு என்றே நான் நினைக்கிறேன். அமைதியைத் தேடிக் காட்டுக்குள் போனவர்களுக்கு ஆட்சியில் கிடைத்த பங்கு அவ்வளவுதான். ஆனாலும் பிராந்திய ஒத்துழைப்பு என்றால் துப்பாக்கியும் ரோந்துக் கப்பலும்தான் என்று எண்ணுவோர் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பேரிடரிலும் இதே பாடம்தான், அதற்குக் கொடுத்த விலையோ மிகப் பெரிது. 1991இல் வங்காளதேசத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயது வரையிலானவர்களிடையே பெண்களின் இறப்பு விகிதம் ஆண்களுடையதைப் போலப் பல மடங்கு இருந்தது. எச்சரிக்கை பொது இடங்களில் ஆண்களின் காதில் விழுந்தது. குழந்தைகளோடு வீட்டில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை, சேர்ந்தாலும் கூட்டம் நெரியும் புகலிடத்துக்குத் தனியாகப் போகத் துணிவில்லை. அந்நாடு பின்னாளில் புயல் தொண்டர் படையில் பெண்களைப் பெருமளவில் சேர்த்தது. ஆனால் பல நாடுகள் கூடி நடத்தும் மீட்பு ஒத்திகைகளில் இன்றும் எல்லோரும் தம் கால்களால் நடந்து வெளியேறுகிறார்கள், எல்லோருக்கும் சங்கொலி கேட்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரும், காது கேளாதவரும், அதிகாரிகளின் மொழி தெரியாத பழங்குடியினரும் ஒத்திகையில் பெரும்பாலும் வருவதே இல்லை. மாற்றுத்திறனாளிகளைக் காக்கும் பொறுப்பை 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 11ஆம் பிரிவும், போர்ச்சூழல்களைக் குறித்த பாதுகாப்பு அவையின் 2475ஆம் தீர்மானமும் தெளிவாகவே சொல்கின்றன. ஒத்திகையை வகுக்கும் மேசையில் அவர்களுள் ஒருவர் அமர்ந்திருந்தால் இந்தக் குறை முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆட்கடத்தல் தடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லையில் மீட்கப்பட்ட ஒரு பெண்ணை, சீருடை அணிந்த ஆண்கள் மட்டும் இருக்கும் அறையில், ஆண் மொழிபெயர்ப்பாளர் வழியாக விசாரித்தால், கடத்தியவனைப் பற்றிய முக்கியமான தகவல் வெளிவராது. மனிதநேயக் குறை என்று மட்டும் இதைக் கருதுகிறார்கள். புலனாய்வும் அங்கேயே தோற்றுப்போகிறது.

முதலில் பாதுகாப்பு, சமத்துவம் பிறகு என்று வாதிடுவோர் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது, யாருடைய பாதுகாப்பு என்பதைத்தான். அதை முடிவுசெய்யும் இடத்தில் பாதி மக்கள்தொகை இல்லாதபோது, வகுக்கப்படும் திட்டம் எஞ்சிய பாதிக்கே பொருந்தும். ஒப்புக்கு ஒரு பாலின ஆலோசகரைச் சில மாதங்களுக்கு அமர்த்தி, கையெழுத்து அதிகாரமோ நிதியோ தராமல் அறிக்கை மட்டும் கேட்பதால் இது மாறாது.

இத்தகைய உடன்பாடு அடுத்த முறை கையெழுத்தாகும்போது, பயிற்சிக்கான தகுதி விதிகளை எழுதியவர்கள் யார், கவச உடையும் தங்குமிடமும் மொழிபெயர்ப்பும் முதன்மை வரவுசெலவுத் திட்டத்தில் உள்ளனவா, ஒத்திகையைத் திட்டமிட்ட குழுவில் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்களா என்று அதிகாரிகளிடம் கேட்டு, கிடைக்கும் பதில்களைத் தங்கள் இதழ் வெளியிட வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகி