காய்ச்சல் நேரத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் தொடங்கியதும் மதுரை, மேலூர் வட்டாரத்தில் சளிக்காய்ச்சல் பரவுவதும், அதையொட்டி முகக்கவசம், தடுப்பூசி, காய்ச்சல் முகாம் என்று நாம் பேசுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிற ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். மூட்டுவலிக்கோ இளைப்புக்கோ பல மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள், காய்ச்சல் கண்ட நாளில் அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். 30 ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நானே என் உடன்பிறந்த அக்காவின் விஷயத்தில் இதைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

அக்காவுக்கு வயது 67. சிறு வயது முதல் சேற்றில் குனிந்து நாற்று நட்டவர். முழங்கால் வலி அவருக்குப் பல வருடத்துத் துணை. சென்ற மழைக்காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. மற்றவர்கள் நான்கைந்து நாளில் எழுந்து நடமாட, அக்கா மட்டும் தேறவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் வாந்தி, வயிற்றுவலி, எழுந்து நின்றால் கண் இருட்டல் என்று கிடந்தார். வயதான உடம்பு மெதுவாகத்தான் தேறும் என்று நானும் தொலைபேசியில் சமாதானம் சொன்னேன். ஆறாம் நாள் காலையில் கொல்லைப்புறத்தில் மயங்கி விழுந்துவிட்டார்.

சேர்த்த இடம் ஒரு தனியார் மருத்துவமனை. சலைன் ஏற்றியும் ரத்த அழுத்தம் 80க்கு மேல் ஏறவில்லை. ரத்தத்தில் உப்புச் சத்தான சோடியம் 121க்கு இறங்கியிருந்தது. தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டதாகக் கருதி ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்கள். அன்றிரவு பணிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர்தான் அக்காவின் முன்கையைத் திருப்பிப் பார்த்தார். காகிதம்போல் மெலிந்த தோலில் ஆங்காங்கே ஊதா நிறக் கன்றல்கள் இருந்தன. முகமோ வட்டமாக உப்பியிருந்தது. “பாட்டி வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?” என்று கேட்டார். இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். அக்காவின் மருமகள் மட்டும் தயங்கித் தயங்கி ஒரு சுருக்குப்பையை எடுத்து வந்து அவிழ்த்தார். வெற்றிலைக்கும் சில்லறைக் காசுக்கும் நடுவே, செய்தித்தாள் துண்டில் மடித்த சிறு பொட்டலங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு மாத்திரைகள்; அவற்றுள் ஒன்று, அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட பொடி வெள்ளை மாத்திரை. அதைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. வாங்கிய கடையில் கேட்டபோது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு என்பது உறுதியானது. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் சாப்பிட்டு வந்திருக்கிறார். காய்ச்சலோடு இதையும் சேர்த்து விழுங்கினால் உடம்புக்குச் சூடு என்று எண்ணி, முதல் நாளே நிறுத்தியிருக்கிறார்.

உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலின் அளவைப் பரிசோதிக்க ரத்தம் எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை காத்திராமல் அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியைப் போட்டார் அந்த மருத்துவர். விடியும்போது ரத்த அழுத்தம் 110. அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். சித்திரைத் திருவிழாவுக்கு வந்திருந்தபோது அவருடைய உப்பிய முகத்தைப் பார்த்து, உடம்பு தேறியிருக்கிறது என்று மகிழ்ந்தவன் நான். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு முகம் அப்படி உப்புவதுண்டு; மருந்தோடு வாழ்ந்த எனக்கே அந்த முகத்தின் பொருள் அன்று புரியவில்லை என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

நடந்தது இதுதான். இரு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான் இருக்கும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இடும் கட்டளைப்படி அவை கார்டிசாலைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் காப்பது இந்தக் கார்டிசால்; காய்ச்சல் போன்ற நெருக்கடியில் நலமான உடல் வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரந்து சமாளித்துக்கொள்ளும். அதே வேலையைச் செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்தால், பிட்யூட்டரி தன் கட்டளையைக் குறைத்துவிடும், அட்ரினல் சுரப்பி வேலையின்றிச் சுருங்கிவிடும். மாத்திரையை விட்ட பிறகு அது பழைய நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம், சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை 5 மில்லிகிராம் அளவில் தினமும் நான்கு வாரம் எடுத்தாலே இந்த ஆபத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். டெக்சாமெத்தசோனில் அதற்குச் சமமான அளவு வெறும் 0.75 மில்லிகிராம்தான். பொடி மாத்திரைதானே என்று இளப்பமாக நினைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மாத்திரையே சாப்பிடாதவர்களுக்கும், அரிதாக, வைரஸ் தொற்றால் இச்சுரப்பியின் இயக்கம் தளர்வதுண்டு. 2003இல் பரவிய சார்ஸ் நோயிலிருந்து மீண்ட 61 பேரைச் சிங்கப்பூரில் ஆராய்ந்தபோது, 24 பேருக்குக் கார்டிசால் குறைந்திருந்தது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிட்டது. கொரோனாவில் இறந்த சிலருடைய அட்ரினல் சுரப்பியிலும் அந்த வைரஸின் தடம் காணப்பட்டது. தொற்றுக்குப் பின் வரும் எல்லா அசதியும் இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அசதியோடு வாந்தியும், தாழ்ந்த ரத்த அழுத்தமும், குறைந்த சோடியமும் சேர்ந்து வந்தால், காலை எட்டு மணியளவில் கார்டிசால் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டீராய்டே கூடாது என்பதும் என் கருத்தன்று. 2020இல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், வெண்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதையும் அதே ஆய்வுதான் சொன்னது. அந்த இரண்டாம் பாதியை நாம் மறந்ததன் விளைவையும், கட்டுப்படாத சர்க்கரை நோயையும் சேர்த்துத்தான் 2021இல் கருப்புப் பூஞ்சையாகக் கண்டோம். இளைப்புக்கு இன்ஹேலர் எடுப்பவர்கள் இக்கடிதத்தைப் படித்துப் பயந்து அதை நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத ‘எச்’ அட்டவணையில் உள்ள மருந்து, பெயர்கூடத் தெரியாதபடி காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்படுவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கிராமப்புறக் கடைகளில் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வாங்குபவர் கெஞ்சினாலும் இந்த மாத்திரையை உதிரியாகக் கொடுக்காதீர்கள். 2021 முதல் வீடு தேடி வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், வலிக்கோ இளைப்புக்கோ வேறு மாத்திரை எடுக்கிறீர்களா, அதைக் காட்டுங்கள் என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் எத்தனையோ சுருக்குப்பைகள் அவிழும். பிரிட்டனில் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுக்கும் நோயாளிகளுக்கு அவசரகால அட்டை ஒன்று தரப்படுகிறது. அதைத் தமிழில் அச்சிட்டு நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வழியாகத் தர அரசுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

அக்காவுக்கு இப்போது மருத்துவர் மேற்பார்வையில் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறோம். அரசு அட்டை வரும்வரை, கெட்டித் தாளில் நானே எழுதி அவருடைய சுருக்குப்பையில் வைத்திருக்கும் வாசகத்தைக் கீழே தருகிறேன். தேவைப்படும் வாசகர்கள், தங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் படியெடுத்துக்கொள்ளலாம்.

“நான் நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து வருகிறேன். இதைத் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சல், வாந்தி, விபத்து, அறுவை சிகிச்சை ஆகிய நேரங்களில் எனக்குக் கூடுதல் அளவு தேவைப்படும். நான் மயங்கிக் கிடந்தாலோ, மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தாலோ, உடனே 108ஐ அழைக்கவும். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டு, சலைன் ஏற்றவும்.”

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
மேலூர், மதுரை மாவட்டம்.