பி.எம்.ஐ.யோடு ஒரு டேப்பும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் உடல் பருமன் பற்றிய கட்டுரை படித்தேன். பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறை குறியீட்டெண்ணைக் கட்டுரையாளர் ஒரு பிடி பிடித்திருக்கிறார். தசைக்கும் கொழுப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்கிறார், சரிதான். ஆனால் இனி கொழுப்புச் சதவீதம் மட்டும் போதும், வீட்டு எடை மெஷினே அதைச் சொல்லிவிடும் என்று முடித்திருப்பதுதான் இடிக்கிறது.

பி.எம்.ஐ.க்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு, 1830களில் அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியல் அறிஞர் போட்டது. அவர் தேடியது சராசரி மனிதனை, நோயாளியை அல்ல. 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் குழுவினர் இன்றைய பெயரைச் சூட்டியபோதும் மக்கள்தொகை ஆய்வுகளைத்தான் மனதில் வைத்திருந்தார்கள். கூட்டத்தை அளக்க வந்ததை ஆளாளுக்கு வைத்து அளந்தால் பிசகத்தான் செய்யும்.

எந்தப் பக்கம் பிசகுகிறது என்பதுதான் முக்கியம். கட்டுரையாளர் பளு தூக்கும் வீரர்களோடு நின்றுவிட்டார். அப்படித் தசை முறுக்கேறியவர்கள் நம்மில் எத்தனை பேர்? கொழுப்பு மிகுந்தவரை ‘நார்மல்’ என்று சொல்லி அனுப்பிவிடுவதுதான் பெரிய கோளாறு. அமெரிக்காவில் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான பெரியவர்களின் அளவுகளை வைத்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், உடல் கொழுப்பு மிகுந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பருமனுக்கான எல்லையான பி.எம்.ஐ. 30 என்ற வலையில் சிக்கவே இல்லை. யாஜ்னிக், யட்கின் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், இந்தியரான யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர்கள் அதிக எடைக்கான வழக்கமான எல்லையான பி.எம்.ஐ. 25 வரை காத்திருக்காமல் 23லேயே உஷாராக வேண்டும் என்பது இதுபோன்ற காரணங்களால்தான்.

அப்புறம் அந்த மெஷின். அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதத்துக்கு அடியிலுள்ள உலோகத் தகடுகள் வழியாக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடல் காட்டும் மின்தடையைப் பார்க்கிறது. தண்ணீரும் உப்பும் உள்ள தசையில் மின்சாரம் எளிதாகப் போகும், கொழுப்பில் தடுமாறும். மீதியெல்லாம் வயது, பாலினம், உயரம், எடை ஆகியவற்றை வைத்து ஒரு சூத்திரம் போடும் ஊகம். கால் தகடு மட்டும் உள்ள மெஷினில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடுகிறது. நாம் கவலைப்படும் தொப்பை அதன் பாதையிலேயே சரியாக வருவதில்லை! உடலில் நீர் குறைந்தாலும் உடற்பயிற்சி முடித்த கையோடு ஏறி நின்றாலும் எண் மாறும். எக்ஸ்ரே கொண்டு கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இதைவிட எவ்வளவோ நம்பகமானது, ஆனால் எல்லோருக்கும் எடுக்க முடியுமா? சதவீதம் கிடைத்தாலும் எத்தனைக்கு மேல் பருமன் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆண்களுக்கு 25, பெண்களுக்கு 35 என்பது பலர் கையாளும் எல்லை, அவ்வளவுதான்.

கட்டுரையில் சுற்றளவு அளக்கும் டேப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுகிறது. அதைக் கோடி காட்டுவது வயிற்றுச் சுற்றளவு. பேன்ட் மாட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. தொப்பை அதற்கு மேலே தொங்கும், அளவு ஏமாற்றிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு விட்டு முடிக்கும்போது, டேப் தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. வயிற்றை எக்கிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

2025 ஜனவரியில் வெளியான லான்செட் நிபுணர் குழு அறிக்கையும் பி.எம்.ஐ.யை வீசி எறியச் சொல்லவில்லை. அதை மட்டும் வைத்து ஒருவருக்குப் பருமன் என்று தீர்மானிக்காதீர்கள், சுற்றளவையோ கொழுப்பையோ அளந்து உறுதி செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. பி.எம்.ஐ. 40ஐத் தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனைகூட அவசியமில்லை என்கிறது.

கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் கொழுப்புச் சதவீத அட்டவணை மட்டும் இருந்தது. அடுத்த இதழில் பி.எம்.ஐ. 23 என்ற எல்லையையும், சுற்றளவு அளக்கும் இடத்தைக் காட்டும் ஒரு படத்தையும் வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்