1971-க்கும் 1999-க்கும் நடுவில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்கில் வெற்றி நாளுக்காக நீங்கள் போட்ட சிறப்புப் பக்கங்களை ஒரு வரி விடாமல் படித்தேன். திருச்சி மேஜர் சரவணனைப் பற்றி எழுதியிருந்ததில் சந்தோஷம். ஆனால் மூன்றாவது பத்தியில் ஒரு வரி: "1971-க்குப் பிறகு நம் வீரர்கள் போர்க்களத்தில் உயிர் கொடுத்தது 1999-இல்தான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். வரி மாறவில்லை.

நடுவில் 1987 என்று ஒரு வருடம் வந்து போனது. தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த ஜூலை 29-இல் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அமைதி காக்க என்று சொல்லித்தான் நம் படையை இலங்கைக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி விடுதலைப் புலிகளோடு சண்டை பிடித்துக்கொண்டது. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுக் கிளம்பும் வரை அங்கே செத்த நம் ஆட்கள் 1,100-க்கு மேல். கார்கிலில் 527. கூட்டல் கழித்தல் தெரிந்த ஒருவராவது உங்கள் அலுவலகத்தில் இருப்பார் என்று நம்புகிறேன். அந்த 1,100 பேரில் ஒருவர் என் அண்ணன்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். அப்பா 1971-இல் மேற்கு எல்லையில் இருந்தவர். மிலிட்டரிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் அதிகாலையில் பையன்களை எழுப்பி ஏரிக்கரையில் ஓடவிடுகிற ஊர் இது. அண்ணனும் அப்படி ஓடித்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார்.

கார்கில் வீரர்களின் உடல்கள் கொடி போர்த்தி ஊர் ஊராக வந்ததை உங்கள் பக்கங்களில் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது தந்தி. அப்புறம் சாம்பல். அதற்கும் அப்புறம், பொங்கல் கழிந்து, ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் அவர் நம்பரும் பெயரும். பூட்டு இருந்தது, சாவி இல்லை. அப்பா சுத்தியலால் தட்டித் திறந்தார். ஒரு கம்பளி, ஷேவிங் செட், அம்மாவுக்கு எழுத ஆரம்பித்து நான்கு வரியில் நின்றுபோன இன்லண்ட் லெட்டர், இரண்டு ராணி சந்தன சோப்பு. பெட்டி வந்த அன்றே பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "சிலோன் சாமான் ஏதாவது வந்திருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த சோப்பை அம்மா தன் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். அம்மா போன பிறகும் அந்தப் புடவைகளில் லேசாக வாசனை இருந்தது.

சாமான் கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. ரேஷன் கடை வரிசையில், "தமிழனைச் சுடப் போனவன்தானே" என்று என் காதுபட ஒருவர் சொன்னாரே, அதுதான் இன்னும் போகவில்லை. எனக்கு அப்போது 17 வயது. மண்ணெண்ணெய் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாழ்ப்பாணத்தில் நடந்ததையெல்லாம் நான் நியாயப்படுத்த வரவில்லை. அங்கே ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் டாக்டர்களையும் கொன்றதும் நம் படைதான். அது எனக்கும் தெரியும். அந்தக் குடும்பங்களின் அழுகையும் நியாயம்தான். ஆனால் எங்கே போவது, யாரைச் சுடுவது என்று தீர்மானித்தவர்கள் டெல்லியில் இருந்தார்கள். அண்ணனுக்கு வந்தது மூவ்மென்ட் ஆர்டர்.

1990-இல் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் அப்பா போனார். அண்ணனோடு இருந்தவர் ஒருவரையாவது பார்த்துவிடலாம் என்று பஸ் ஏறி, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்து மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

அந்த இலங்கைச் சண்டையில், போர்க்கள வீரத்துக்கு நம் நாடு தருகிற மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா வாங்கிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பரங்கிமலையில் பயிற்சி முடித்தவர். 1987 நவம்பர் 25-இல் நெஞ்சில் குண்டு பட்ட பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பிடுங்கி அந்த எதிரியையே சுட்டவர். அவரைப் பற்றி உங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தி வந்ததாகக்கூட எனக்கு நினைவில்லை. நானும் இருபது வருடமாகச் சந்தா கட்டுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், நம் படையை வெளியே போ என்று சொன்ன இலங்கையே கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இவர்களுக்கு நினைவுச் சின்னம் கட்டி, செத்தவர்களின் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறது. டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019-இல்தான். அதைப் பார்க்க அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு கல் இருக்கிறது. 1914-19 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று வெள்ளைக்காரன் இங்கிலீஷில் வெட்டி வைத்தது. எண்ணிக்கை மட்டும்தான், ஒரு பெயர்கூடக் கிடையாது. அவன் எண்ணிக்கையாவது போட்டான். இப்போது அந்தக் கல்லில் பந்தல்காரர் கயிறு கட்டுகிறார். நம் ஊரில் மிலிட்டரி என்றால் ஒன்று பிரியாணி, இல்லாவிட்டால் ரம். டிசம்பர் 7 வந்தால் கொடி நாள் என்று சட்டையில் ஒரு சின்னக் கொடி. சாயங்காலம் துவைக்கும்போது அது தண்ணீரில் மிதக்கும். போன வருடம் நீங்களே ஒரு லான்ஸ் நாயக்கை "லான்ஸ் நாயக்கர்" என்று அச்சடித்து, பதவியைச் சாதியாக்கினீர்கள். அதற்கும் ஒரு கார்டு போட்டேன். பதிலில்லை.

சரி. சிறப்பிதழ் போடுங்கள் என்று கேட்கவில்லை. அண்ணன் பெயரைப் போடவும் வேண்டாம். போட்டோ கேட்டு ஆள் அனுப்பவும் வேண்டாம். அடுத்த இதழில் திருத்தம் போடுகிற அந்த மூலையில், 1987 முதல் 1990 வரை இலங்கையிலும் நம் வீரர்கள் இறந்தார்கள் என்று ஒரு வரி. எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, கண்ணாடி போட்டுப் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்

பி.கு.: பதில் எழுதுவதற்குத் தபால்தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன். போன முறையும் வைத்திருந்தேன்.