அறியாமையாம்ல!

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். போன இதழ்ல கர்ப்பிணிங்க ரத்தசோகை பத்தி கட்டுரை போட்ருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா நடுவுல "தாய்மார்களின் அறியாமையே முக்கியக் காரணம்"னு ஒரு வரி, அதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறல.

உங்களுக்குத் தெரியாததில்ல, 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேல நம்ம தமிழ்நாட்டுலயே 15லேர்ந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல நூத்துக்கு 53 பேருக்கு ரத்தம் கம்மி. நாடு முழுக்க பாத்தா பொம்பளைங்க 57, ஆம்பளைங்க 25. அப்ப ஆம்பளைங்க எல்லாம் முருங்கைக்கீரையைப் பத்தி கரைச்சுக் குடிச்சவங்களா அய்யா?

நான் அங்கன்வாடியில 30 வருஷத்துக்கு மேல இருந்து ரிட்டயர் ஆனவ. எங்க ஊர்ல ஒரு புள்ள, ஏழு மாசக் கர்ப்பிணி, கண்ணுக்குக் கீழ இழுத்துப் பாத்தா உள்ள வெளேர்னு இருக்கு. சத்துமாவு பாக்கெட் தவறாம வாங்கிட்டுத்தான் போகும். என்னதான் பண்ணுதுன்னு வீட்டுக்கே போனேன், கஞ்சி காய்ச்சி மாமனாருக்கு ஒரு டம்ளர், மூத்தது ரெண்டுக்கும் ஆளுக்குப் பாதி, கடைசியா சட்டியில தண்ணிய ஊத்தி அலசி அது குடிக்குது. கேட்டா "பெருசு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கையில நான் மட்டும் எப்படி டீச்சர் தனியா குடிக்கிறது"ங்குது. இரும்பு மாத்திரை அட்டையில பாதி அப்படியே கெடக்கு, போட்டா குமட்டுதாம். விடியக்காலம் வெறும் டீயைக் குடிச்சிட்டு களையெடுக்கப் போற வயித்துக்கு குமட்டாம என்ன செய்யும்? இதுக்குப் பேரு அறியாமைன்னா எனக்குத் தமிழ் தெரியல போல.

1980லயே உலக வங்கி கடன்ல ஊட்டச்சத்துத் திட்டம்னு கொண்டாந்து, ஆறு மாசத்துலேர்ந்து மூணு வயசு வரைக்கும் மாசாமாசம் எடை போட்டு, ஏறாத புள்ளைக்கு மட்டும் தனியா சத்து உருண்டை குடுத்தாங்க. தராசுக்கொக்கியில புள்ளையத் தொங்கவிட்டா அது வீறிடும், அம்மாக்காரி அந்த முள்ளையே பாத்துட்டு நிப்பா. இப்ப என்னடான்னா தாயோட மூஞ்சி போன்ல ஒத்துப்போனாத்தான் மாவு பாக்கெட்டாம், டவர் இல்லாத ஊர்ல பணியாளரும் கர்ப்பிணியும் போனைத் தூக்கிட்டு தெருத்தெருவா அலையறதையும் ஒரு தடவ எழுதுங்களேன்.

முத்துலெட்சுமி ரெட்டி அம்மா பேர்ல கர்ப்பிணிங்களுக்கு பணமும் சத்துணவுப் பெட்டியுமா 18,000 ரூவா உதவி, அதையும் பெருமையா போட்ருக்கீங்க. நல்ல திட்டம்தான், பெட்டியில வர்ற பேரீச்சம்பழத்தையும் நெய்யையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா என் மக மாசமா இருக்கையில வரவேண்டிய தவணை, பேரனுக்கு மொட்டை போட்டு காது குத்தினப்புறம் வந்துச்சு. வயித்துல இருக்கையில திங்க வேண்டியதை காதுகுத்துல விருந்தா போட்டோம். அதுவும் எங்க அறியாமையில சேருமா?

பெரிய மறுப்பெல்லாம் போடுவீங்கன்னு நான் எதிர்பாக்கல. அந்தக் கட்டுரைப் படத்துல முட்டை உரிச்சுக்கிட்டு இருக்கறவங்களை "பால்வாடி ஆயா"ன்னு போட்ருக்கீங்க, ரெண்டு வருஷம் முந்தியும் இப்படித்தான் போட்டீங்க, அப்பவும் எழுதினேன். அவங்க பக்கத்துல தெறந்து கெடக்கறது எடை ரிஜிஸ்டர், அதை எழுதறது பணியாளர் வேலை, ஆயா வேலை இல்ல. "அங்கன்வாடி பணியாளர்"னு அடுத்த இதழ்ல ஒரு வரி திருத்திட்டா போதும். என் பேரு போட வேண்டாம்.

- ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர், மதுரை மாவட்டம்