சாய்ந்த வீடும் ஒரு கால்வாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் பழைய மதுக்கூடங்கள் பற்றிய உங்கள் கட்டுரை லண்டனைத் தாண்டவே இல்லை. ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்துப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

அங்கே ஹிம்லி அருகே 1765இல் ஒரு பண்ணை வீடு கட்டினார்கள். அடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட மண் இறங்கி, கட்டடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின்னாளில் அது பப் ஆனபோது அந்தச் சாய்வுதான் வியாபாரத்துக்குக் கைகொடுத்தது. கோலிக்குண்டு மேட்டைப் பார்த்து உருளுவதுபோலத் தெரியும். அதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் வரும். 1940களில் இடிக்க இருந்தவர்கள், அப்புறம் முட்டுக்கொடுத்துக் காப்பாற்றினார்கள். அப்படிப் பிழைத்தது 2023 ஆகஸ்டில் தீப்பிடித்து, இரண்டே நாளில் தரைமட்டமாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அது இல்லை. ஊரே கொதித்தது. பழையபடி கட்டித்தர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உள்ளூர் கவுன்சில் உத்தரவிட்டது.

சரி, பட்டியலில் இருந்தால் மட்டும் தப்பிக்குமா? பர்ஸ்லம் ஊரின் லெப்பர்ட் விடுதி பட்டியலில் இருந்ததுதான். 2022 ஜனவரியில் எரிந்துபோனது. பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட்டும் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லியும் 1765இல் ட்ரென்ட்–மெர்சி கால்வாய் பற்றிப் பேசிய இடம் அது. குண்டும் குழியுமான சாலையில் பீங்கான் முழுசாகப் போய்ச் சேருமா? அதனால்தான் படகில் அனுப்ப நினைத்தார்கள். 1777இல் கால்வாய் முடிந்தது.

அடுத்த பகுதியில் அதே மாவட்டத்து பர்ட்டன் நகரையும் சேருங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏல் பீர் அங்கிருந்தும் ஏராளமாக வந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி